குறை சொல்கிறவர் கயிற்றைப் பிடிக்க வேண்டும்

என் முழங்கால் போனதோடு குறை சொல்லும் உரிமையும் போய்விட்டது. நம் குதிரைச் சவாரி மைதானத்தின் வழக்கப்படி அதுதான் நியாயம். ஓடிவந்த குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அதன் வியர்வை ஆறும்வரை கூடவே நடக்கிறவர்தான் சவாரி செய்தவரிடம் குறை சொல்லலாம். என்னால் இப்போது மைதானத்தை ஒரு சுற்றுகூடச் சுற்ற முடியாது. அதனால் உங்கள் யாரிடமும் நான் குறை சொல்லப்போவதில்லை. பயப்படாமல் படியுங்கள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் இந்த வழக்கத்தைக் கேட்டுச் சிரித்தீர்கள். நானும் சிரித்தவன்தான். அது எப்படி வந்தது என்று வழியனுப்பு நாளில் என்னைப் பேசச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். குதிரைகளிடம் நாளெல்லாம் பேசுவேன், மனிதர்களிடம் வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் எழுத்து மறக்கவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

இங்கே வருவதற்கு முன் நான் பொதிக்குதிரைகளோடு மலையேறிக்கொண்டிருந்தேன். ஜீப்பு போகாத ஊர்களுக்கு அரிசியும் பருப்பும் ஏற்றிப்போவோம், வரும்போது ஏலக்காயும் காப்பிக்கொட்டையும் இறங்கும். அப்போது குதிரை என்றால் எனக்கு லோடு. அதன் மேல் மனிதர்கள் ஆசைக்காக ஏறுவார்கள், அதற்குத் தினமும் பழகுவார்கள் என்பதெல்லாம் மாஸ்டர் வந்த பிறகுதான் தெரியும். அவர் குதிரைப் படைப் பிரிவு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிலமலை ஊருக்குப் பக்கத்தில் மாந்தோப்பை ஒட்டிய நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, இந்த மைதானத்தைத் தொடங்கினார். தன் பெயரை எதிலும் எழுதக்கூடாது என்பார். ஆகவே இதிலும் அவர் மாஸ்டர்தான்.

தொடக்கத்தில் இங்கே நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் ஆசையாகக் கற்றுக்கொள்ள வந்தான். நாமே நடத்திய சின்னப் போட்டி ஒன்றில், குதிரை தாண்ட வேண்டிய தடைக்கம்புகளை வரிசையாகத் தட்டிவிட்டான். குதிரையைவிட்டு இறங்கியதும் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"காலை ஏம்ப்பா அப்படித் தொங்கவிட்டே?"

"கைய இறக்கு இறக்குன்னு கத்துனேனே, காதுல விழலயா?"

"அவசரப்பட்டுட்டே மாப்ளே. குதிரை பாவம்."

சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சொன்னதெல்லாம் சரியும்கூட. ஆனால் பையனுக்கு இன்னும் மூச்சே இறங்கவில்லை. அவனுடைய அம்மாவும் அப்பாவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலைக்கவசத்தைக் கழற்றிக் கொட்டகை ஆணியில் மாட்டினான். பிறகு அவன் வரவே இல்லை.

அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு முகம் வாடும். ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு உத்தரவு போட்டார். "இனிமே இந்த வேலிக்குள்ள நல்லது மட்டும்தான் பேசணும். தப்பத் திருத்துற சோலி என்னுது. மத்தவங்க தட்டிக்குடுத்தாப் போதும்."

அந்த உத்தரவு நல்ல பலன் தந்தது. பயந்து வேலியோரம் நின்றவர்கள் எல்லாம் உள்ளே வந்தார்கள். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர் தொந்தியைத் தூக்கிக்கொண்டு குதிரை ஏறினார், நாங்கள் கைதட்டினோம். அப்படித்தான் சங்கீதாவும் வந்தது. போடியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. முப்பது வயதுக்கு மேல், ஒரு பிள்ளைக்குத் தாய். முதல்நாள் சேணத்தில் உட்கார்ந்ததும், "அண்ணே, இறக்கிவிட்ருங்க, சாமி சத்தியமா வேண்டாம்" என்று அழுதது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நான் கண்ட தைரியசாலிகளில் பயமில்லாதவர்கள் குறைவு. சங்கீதாவும் பயத்தோடுதான் தினமும் வந்தது.

அதற்குப் பழகக் கொடுத்த குதிரை மருதாணி. நல்ல செவலைப் பெட்டை, மருதாணி பூசிய கை போல நிறம். சாதுவான குணம். கடை முடிந்து சங்கீதா பஸ்சை விட்டு இறங்கி வரும்போதே, வெல்லக்கட்டி வருகிறதென்று கனைக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மலைச் சவாரி உங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊர்களில் நம்மைப் போலச் சின்னதாக நடத்துகிறவர்களும் வருவார்கள். தோப்புகளைத் தாண்டிச் சரிவில் ஏறி, ஏலத்தோட்டம் ஒன்றின் ஓரம்வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் ஓர் ஓடை. தண்ணீர் முழங்கால் ஆழம்தான். சங்கீதாவின் முதல் மலைச் சவாரியில், அந்த ஓடைக்கரையில் மருதாணி நின்றுவிட்டது. என்ன செய்தும் நகரவில்லை. பின்னால் வந்த குதிரைகளெல்லாம் ஒற்றையடிப் பாதையில் முட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் சங்கீதா இறங்கி, குதிரையைத் திருப்பி நடத்திக்கொண்டு கீழே வந்தது.

நாங்கள் சும்மா இருப்போமா? தட்டிக்கொடுத்தோம்.

"உங்க மேல தப்பே இல்லக்கா. அது பிடிவாதம் பிடிச்ச கழுதை."

"நீங்க சூப்பரா ஒக்காந்திருந்தீங்க. குதிரைதான் சரியில்ல."

பிறகு மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் வாய்க்காலில் பழக்கினோம். அங்கேயும் நின்றது. அதே வாய்க்காலில் நான் குளிப்பாட்டும்போது ஆசையாக இறங்கி நிற்கும். 'குளிக்க மட்டும் எறங்குது, சவாரின்னா எறங்க மாட்டேங்குது, எவ்வளவு திமிரு பாருங்க' என்று அதையும் குதிரையின் கணக்கில்தான் எழுதினோம். மாஸ்டரே அப்படித்தான் நினைத்தார். ஓட்டுகிறவரிடம் சொல்லக்கூடாது என்று நாங்கள் விழுங்கிய குறையெல்லாம் எங்கேதான் போகும்? வாயில்லாத சீவன் தலையில் போய் இறங்கியது. நல்ல மனதோடு, சிரித்த முகத்தோடு, எல்லோரும் சேர்ந்து மருதாணியைக் கெட்ட குதிரையாக்கினோம்.

பக்கத்தில் தேவாரம் என்கிற ஊரில் ராசு என்று ஒருவர். குதிரைவண்டிப் பந்தயக்காரர். வயதில் எனக்கு மூத்தவர், ராசண்ணன் என்பேன். வாயைத் திறந்தால் எகத்தாளம்தான். மருதாணியின் நடையைப் பார்த்து அதன் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். தண்ணீரில் இறங்க மறுக்கிற குதிரையை மலைக்குக் கூட்டிப்போவது ஆபத்து, மலைக்குப் போகாத குதிரையைக் கட்டித் தீனி போடவும் முடியாது என்று மாஸ்டரும் யோசித்துக்கொண்டிருந்தார். அடுத்த மலைச் சவாரி நெருங்கியபோது ஒரு முடிவு சொன்னார்.

"இந்தத் தடவையும் ஓடையில நின்னா, அந்த எடத்துலயே ராசு கையில குடுத்துருவேன். வண்டியில போய் ஓடட்டும்."

சங்கீதா மருதாணியின் பிடரியைக் கோதிக்கொண்டே நின்றது. அன்றைக்கு வெல்லக்கட்டி கொடுக்கக்கூட மறந்துபோனது.

அதற்குப் பிறகு ராசண்ணன் அடிக்கடி வர ஆரம்பித்தார். வரப்போகிற மருமகளைப் பார்க்க வருகிறவர் போல வேலியில் கைவைத்து நின்றுகொள்வார். ஒரு சாயங்காலம் சங்கீதா வாய்க்காலில் முயன்றுகொண்டிருந்தது. மருதாணி வேகமாக வந்து, கரையில் நின்றது. மறுபடியும் வந்து, மறுபடியும் நின்றது.

"ஏந்தாயி, உனக்குத் தண்ணியில கண்டமா, குதிரைக்குத் தண்ணியில கண்டமா? சோசியக்காரன்கிட்டக் கேட்டியா?" என்று ராசண்ணன் வேலியிலிருந்தே கத்தினார்.

நாங்கள் முறைத்தோம். அவர் நிறுத்தவில்லை.

"குதிரை நல்ல குதிரைதான் மாஸ்டரு. மேல இருக்கிறதுதான் மூட்டை. ஏலக்கா மூட்டையா இருந்தாலும் வைச்ச எடத்துல கம்முனு இருக்கும்!"

ஏலக்காய்க் கடைக்காரர் சட்டைக் கையை மடக்கினார். மாஸ்டர், "ராசு, இங்க அப்படிப் பேசக்கூடாது, வெளிய போ" என்று எழுந்தார். சங்கீதா கையைக் காட்டி அவரை நிறுத்தியது. குதிரையைவிட்டு இறங்கியது. முகம் சிவந்திருந்தது, கண்ணில் தண்ணீர் தளும்பியது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போகும், தலைக்கவசம் இன்னோர் ஆணியில் தொங்கும் என்று நினைத்தேன். ஆனால் அது மருதாணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக வேலிக்குப் போனது.

"அண்ணே, உள்ள வாங்க."

"எதுக்குத் தாயி?"

"குதிரைக்கு வேர்த்திருக்கு. ஆறுற வரைக்கும் நடத்தணும். கயித்தப் பிடிங்க. நடந்துக்கிட்டே சொல்லுங்க. எல்லாத்தயும் சொல்லுங்க, நான் கூடவே வர்றேன்."

ராசண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று கத்துவது சுலபம். ஆனாலும் எங்கள் எல்லோர் முன்னாலும் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. குனிந்து வேலிக்குள் நுழைந்து கயிற்றை வாங்கினார். மூவரும் நடந்தார்கள், நடுவில் மருதாணி. நான் வாளியோடு கொஞ்சம் பின்னால் போனேன்.

முதல் சுற்றில் அவர் வாய் ஓயவில்லை. உட்காருவது சரியில்லை, பார்வை சரியில்லை, இது பொம்பளைக்கு எதற்கு என்றுகூட ஒன்றை எடுத்துவிட்டார். சங்கீதா, "அத விடுங்க, ஒக்காருறது என்ன சரியில்ல, அதச் சொல்லுங்க" என்றது. ஒருவர் தோளோடு தோள் நடந்துகொண்டு, நீங்கள் சொல்வதை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டால் எகத்தாளம் எவ்வளவு நேரம் தாங்கும்? அடுத்த சுற்றில் குரல் இறங்கியது. அதற்கும் அடுத்த சுற்றில் பேச்சே குறைந்து, குதிரையைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்படி யோசனையில் நடந்தவர் வழி மாறி வாய்க்கால் பக்கம் போய்விட்டார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பாட்டுக்குத் தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறினார். கயிறு தொய்ந்து கிடக்க, மருதாணியும் அவர் பின்னாலேயே இறங்கி ஏறியது.

ராசண்ணன் அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தார். தொய்ந்த கயிற்றைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். இக்கரையில் நின்ற சங்கீதாவின் கையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் குதிரை அவருடையது. அவர் கொஞ்ச நேரம் மருதாணியின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு கையை அதன் முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சில் வைத்துப் பார்த்தார். ஆறியிருந்தது.

"தாயி, இங்க வா" என்றார். குரலில் கேலி இல்லை. "தண்ணி கிட்ட வந்ததும் நீ கீழ குனிஞ்சு தண்ணியப் பாக்குறே. ஒனக்குப் பயம் வருது. கால் போ போன்னு அழுத்துது. கை கடிவாள வாரை இழுத்து நில்லுங்குது. ஒரே நேரத்துல ரெண்டு உத்தரவு. அது எதத்தான் கேக்கும்? நில்லுங்கிறதக் கேக்குது. ஒன் பேச்சத்தான் கேக்குது அது. பிடிவாதமெல்லாம் ஒண்ணுமில்ல."

சங்கீதா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டது. எங்களில் ஒருவர், "அப்படியெல்லாம் இல்லக்கா, நீங்க..." என்று ஆரம்பித்தார். சங்கீதா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப என்னண்ணே செய்யணும்?"

"அக்கரையில ஒரு மரத்தப் பாரு. கையத் திற. மூச்ச விடு."

"நாளைக்கும் வருவீங்களா?"

ராசண்ணன் பிடரியைச் சொறிந்துகொண்டார். "எனக்கு வேற சோலி இல்லயா ஆத்தா?" என்றார். மறுநாள் வந்தார்.

இதில் நான் யாரை மெச்சுவது? திட்டியவரைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்த சங்கீதாவையா, தனக்கு வரவேண்டிய குதிரையைத் தன் வாயாலேயே விட்டுக்கொடுத்த ராசண்ணனையா? மாஸ்டரையும் சொல்ல வேண்டும். அத்தனை வருடம் குதிரைகளோடு வாழ்ந்தவர். அன்று சாயங்காலமே எல்லோரையும் கூப்பிட்டு, "நான் போட்ட உத்தரவு பாதிதான் சரி. தட்டிக்குடுக்கிறதோட விட்டதாலதான் இந்தக் குதிரையக் குத்தவாளியாக்கிட்டேன். இனிமே குறையும் சொல்லலாம். ஆனா ராசு சொன்ன மாதிரிதான் சொல்லணும். கயித்தப் பிடிச்சு, ஆறுற வரைக்கும் நடந்து, அப்புறம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு என்ன செய்யணும்கிறதையும் சேத்துச் சொல்லத் தெரியாதவங்க வாயத் திறக்காதீங்க" என்றார். பிறகு கொட்டகைக்குப் போய், ஆணியிலிருந்த அந்தப் பழைய தலைக்கவசத்தை எடுத்துத் துடைத்தார். பையனின் வீட்டைத் தேடிப் போனார். பையன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். அவனுடைய அம்மாதான் வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

மலைச் சவாரி வந்தது. அப்போது எனக்குக் கால் நன்றாக இருந்தது, குதிரைகளுக்கு முன்பே ஏறி ஓடைக்கரையில் நின்றேன். அக்கரையில் ராசண்ணன். குதிரையை ஏற்றிப்போகக் கொண்டுவந்த மினி லாரியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, தோளில் புதுக் கயிற்றோடு நடந்தே வந்திருந்தார். சொல்லிக்கொடுத்தது வேறு, மாஸ்டரின் பேச்சு வேறு; தப்பு யாருடையதானாலும் ஓடையில் நிற்கிற குதிரை மலைக்கு ஆபத்துதான் என்று மாஸ்டர் அந்த முடிவை மாற்றவில்லை. குதிரை நின்றால் அவர் கூட்டிப்போவார், அதில் அவர் ஒளிவுமறைவு வைக்கவில்லை.

மருதாணி வளைவில் திரும்பி வந்தது. முந்தின நாள் மலையில் மழை. ஓடையில் தண்ணீர் செந்நிறமாகக் கொஞ்சம் கூடவே ஓடியது, சத்தமும் அதிகம். கரைக்கு வந்ததும் மருதாணி நின்றது. சங்கீதாவின் முகம் தண்ணீரை நோக்கிக் குனிந்தது. கைகள் இறுகின. எனக்குப் பக்கத்தில் நின்ற ஏலக்காய்க் கடைக்காரர், 'பரவாயில்லக்கா' என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தார்.

ராசண்ணனும் ஏதோ கத்த வாயைத் திறந்தார். ஆனால் கத்தவில்லை. கொண்டுபோவதற்காகக் கொண்டுவந்த கயிற்றைத் தோளிலிருந்து எடுத்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, சங்கீதாவுக்குத் தெரியும்படி உயர்த்தினார். அப்படியே கையைத் திறந்து புல்லில் விழவிட்டார்.

சங்கீதா நிமிர்ந்து அதைப் பார்த்தது. வார் தொய்ந்தது. மருதாணி ஒருமுறை மூக்கால் சீறிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தது. பிறகு அடுத்த கால். நடுவில் கொஞ்சம் வழுக்கியது, சுதாரித்துக்கொண்டது. அக்கரையில் ஏறியது.

மலையே அதிரும்படி கத்தினோம். எல்லோரும் தண்ணீரில் இறங்கி ஓடிப்போய்ச் சங்கீதாவைச் சூழப் பார்த்தோம். ராசண்ணன் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"தள்ளுங்கப்பா! இன்னும் வேர்வையே ஆறல, அதுக்குள்ள மேளம் அடிக்கிறாங்க."

புல்லில் கிடந்த கயிற்றை எடுத்து மருதாணிக்கு மாட்டினார். சங்கீதா இறங்கியது. இருவரும் ஏலத்தோட்ட ஓரமாகக் குதிரையை நடத்திக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "நல்லா வந்தே. ஆனா கரை ஏறும்போது பின்னால சாஞ்சுட்டே. அடுத்த தடவ முன்னால குனிஞ்சு பிடரியப் பிடிச்சுக்க." சங்கீதா சிரித்துக்கொண்டே சரி சரி என்றது. மினி லாரி வெறுமையாகத் தேவாரத்துக்குப் போனது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ராசண்ணனைக் காணோம். பந்தயக் காலம். ஒருநாள் சாயங்காலம் ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டு நானும் சங்கீதாவும் வாசலுக்குப் போய்ப் பார்த்தோம். பந்தய வண்டியில் தன் வெள்ளைக் குதிரையைப் பூட்டி, தேவாரத்திலிருந்தே விரட்டிக்கொண்டு வந்திருந்தார். குதிரை வியர்வையில் நனைந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததுமே பந்தயத்தில் என்ன ஆயிற்று என்று தெரிந்துவிட்டது. குதிரையை அவிழ்த்து, கயிற்றைச் சங்கீதாவிடம் நீட்டினார்.

"எங்க பயலுக எல்லாம் குதிரை மேலதான் தப்புங்கிறானுக. 'நீங்க நல்லாத்தான் ஓட்டுனீங்கண்ணே, குதிரைய மாத்துங்க'ன்னு ஒரே பாட்டு. நான் ரோட்டுல ஓட்டிட்டு வந்ததப் பாத்தியில்ல? நீ சொல்லு தாயி."

சங்கீதா கயிற்றை வாங்கிக்கொண்டது. குனிந்து, குதிரையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தது.

"இன்னும் சூடா இருக்குண்ணே. நடங்க, ஆறட்டும்."

இருவரும் குதிரையோடு மாமர நிழலில் நடந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கடைசிச் சுற்றில் ராசண்ணன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தது மட்டும் தெரிந்தது.